காற்றுக்கு முதுகு காட்டிய வீடுகள்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அத்தை திருப்பூரிலிருந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கையில் ஒரு பெட்டி, ஒரு மூட்டைப் புத்தகம், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட கட்டம்போட்ட தாள்கள். மாமா ஏன் வரவில்லை என்று நான் கேட்டதும் அம்மா என்னை உப்பு வாங்கக் கடைக்கு அனுப்பினாள். வீட்டில் உப்பு நிறைய இருந்தது. பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் சொல்லும் முறை அப்படித்தான்.

ராஜபாளையத்தில் எங்களுக்கு இரண்டே அறை கொண்ட வீடு. அப்பா ஜேசிபி ஓட்டினார். வண்டி ஒரு முதலாளியுடையது; அதில் அப்பாவுக்குச் சொந்தமானது இருக்கையில் விரித்திருந்த துண்டு மட்டும்தான். அம்மா பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்துக்குப் போய் வந்தாள். அத்தை வந்த அன்றிலிருந்து என் பாயில் பாதி அவளுக்குப் போயிற்று. கல்யாணத்துக்கு முன்பே மதுரையில் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருந்தவள் அவள். நடுவில் விட்டுப்போனதை மறுபடி தொடங்கப் போகிறாள் என்று அப்பா தெருவில் பெருமையாகச் சொல்லி வைத்தார். அடுத்த வாரமே எதிர்வீட்டு ஆச்சி முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்துவிட்டாள். இது அந்த டாக்டர் இல்லை என்று அத்தை விளக்கியதும், “அப்ப எதுக்குத்தான் ஆகும் இந்தப் படிப்பு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். அம்மாவுக்கும் அதே சந்தேகம் இருந்தது. அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை, பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

மலையடிவாரத்தில் முதன்முதலில் மனிதர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதுதான் அத்தையின் ஆராய்ச்சி. கோயில்களுக்கு முன்னால், ராஜாக்களுக்கு முன்னால், ஊர் என்ற ஒன்று வருவதற்கே முன்னால். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம், ஆடு மேய்க்கிற ஒருவர் அவளிடம் ‘குள்ளன் வீடு’ என்று ஓரிடத்தைக் காட்டியிருந்தார். சனிக்கிழமைதோறும் அவள் அங்கே கிளம்பினாள். அம்மா என்னையும் கூடவே அனுப்பினாள்.

“ஒத்தையில ஒரு பொம்பள காட்டுப் பக்கம் போனா ஊரு என்ன சொல்லும்? இவளையும் கூட்டிட்டுப் போ.”

ஊரின் வாயை அடைக்கிற அளவுக்கு நான் பெரியவள் இல்லை. எனக்குப் பத்து வயது. ஆனாலும் கையில் தண்ணீர் பாட்டிலோடு காவலுக்குப் போனேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து மினிபஸ், அது திரும்புகிற இடத்திலிருந்து நடை. வனத்துறைச் சாவடிக்கு முன்பாகவே இடதுபக்கம் ஒரு மாந்தோப்புக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி ஏறினால் மேடான ஒரு சரிவு வரும். அதற்கு மேலே காட்டு எல்லைக் கல். சரிவு காட்டில் சேராது, தோப்பில் சேர்ந்தது. தோப்புக்குச் சொந்தக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். ‘வெறுங்காடுதான, பாத்துக்கிடுங்க’ என்று அவர் அத்தைக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

முதல்நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. குள்ளன் வீடு என்றால் சின்னச் சின்னக் கதவு, சின்னச் சின்ன ஜன்னல், உள்ளே யாராவது ஒரு குள்ளன் இல்லாவிட்டாலும் அவனுடைய சாமான்களாவது இருக்கும் என்று நம்பி வந்திருந்தேன். அங்கே இருந்தது கல். முழங்கால் உயரக் கற்களை வட்டமாக நட்டு வைத்திருந்தது. பாதி சாய்ந்தும் புதைந்தும் கிடந்தன. அப்படி ஒன்பது வட்டம். ஒவ்வொன்றும் குறுக்கே ஐந்து எட்டு எடுத்து வைத்தால் முடிந்துவிடும்; ஒரு பக்கம் மட்டும் கல் இல்லாமல் திறந்திருக்கும்.

“இதுவா வீடு?”

“இது வீட்டோட காலு” என்றாள் அத்தை. “மேல கம்பு நட்டுப் புல்லு வேய்ஞ்சிருப்பாக. அதெல்லாம் மக்கிப் போச்சு. காலு மட்டும் நிக்கி.”

அளவுநாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அத்தை மறுமுனையோடு போவாள், குனிவாள், எழுதுவாள், திரும்பி வருவாள். ஒரு கல்லை விடாமல் தாளில் ஏற்றினாள். சாய்ந்த கல் சாய்ந்த மாதிரியே, உடைந்த கல் உடைந்த மாதிரியே தாளில் இருக்கும். பகல் முழுக்க அவள் பேசுவது பத்து வாக்கியம் இருக்காது. எனக்கு எறும்பு கடிக்கும், தாகம் எடுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கித் தருவதாகச் சொன்ன பால்கோவா நினைவுக்கு வரும். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வருஷமும் நான் ஆராய்ச்சிக்குப் போகவில்லை, பால்கோவாவுக்குப் போனேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, மூன்றாம் வட்டத்துக்குள் மண் கரைந்து ஒரு தட்டைக் கல் வெளியே தெரிந்தது. நடுவில் கிண்ணம் மாதிரிக் குழி, ஒரு ஓரம் பிறைபோல உடைந்திருந்தது. அத்தை அதன் முன்னால் மண்டிபோட்டு, குழிக்குள் உள்ளங்கையை வைத்து மெல்லத் தேய்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். கல் வழவழவென்று குளிர்ந்திருந்தது.

“எம்புட்டு நாள் அரைச்சிருந்தா கல்லு இப்படித் தேயும்! ஒருத்தி இங்க உக்காந்து அரைச்சிருக்கா. அவளுக்குப் பொறவு அவ மக.”

கல்லை அவள் எடுக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு என்றாள். படம் வரைந்துகொண்டு, மேலே இலை தழையைப் போட்டு மூடிவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போய்ப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, இவை ஈமக்கல்வட்டங்கள், இறந்தவர்களைப் புதைத்த இடம் என்று சொல்லிவிட்டார். இந்தப் பக்கத்தில் வட்டமாகக் கல் கிடந்தால் அது சாவுக்குத்தான் என்பது அவர் முடிவு. நாற்பது வருஷமாக அவர் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாராம். திரும்பி வந்த அத்தை, அடுத்த சனிக்கிழமை மினிபஸ்ஸில் யாரிடமோ சண்டை போடுகிற குரலில் என்னிடம் சொன்னாள்:

“ஒன்பது வட்டத்துலயும் வாசல் கெழக்க பாத்து இருக்கு. ஆடி மாசம் மேக்க மலையில இருந்து எப்படிக் காத்து அடிக்கும்னு ஒனக்குத் தெரியும்லா? அம்புட்டு வீடும் அந்தக் காத்துக்கு முதுகக் காட்டிட்டு நிக்கி. செத்தவனுக்குக் காத்து மறைப்பு எதுக்குட்டி?”

எனக்கு என்ன தெரியும்? எதுக்கும் இல்லை என்றேன். ஒரு பேராசிரியரைத் தோற்கடித்த சந்தோஷம் அவள் முகத்தில் வந்தது. அவள் பக்கம் பேச அப்போது என்னைத் தவிர ஆள் இல்லை.

பேராசிரியர் ஒப்புக்கொள்ளாமல் பட்டம் வராது. பேராசிரியரை ஒப்புக்கொள்ள வைக்க, அவரைவிடப் பெரியவர்கள் வந்து பார்க்கவேண்டும். அத்தை சென்னையில் இருந்த அதிகாரிகளுக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். தறிக்கூடத்திலிருந்து வந்த அம்மா தபால்காரர் வந்தாரா என்று கேட்காத நாள் இல்லை; அந்தக் கேள்வி ஆறுதலா, குத்தலா என்று கண்டுபிடிக்க முடியாதபடி கேட்பாள். மறுவருஷம் கோடை முடிகிற சமயம் ஒரு போன் வந்தது. வருகிற திங்கட்கிழமை இரண்டு பேர் நேரில் பார்க்க வருகிறார்கள். இடம் சொன்னபடி இருந்தால் பதிவில் ஏற்றி, வேலி போட்டு, முறைப்படி தோண்டிப் பார்க்கச் சொல்லி எழுதுவார்கள்.

அன்றைக்கு அத்தை இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை கேட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“அப்ப ஒனக்கு வேலை கெடைச்சிருமா?” என்று அப்பா கேட்டார்.

“பட்டம் கெடைச்சிட்டா காலேஜுல கெடைச்சிரும்ணே.” பிறகு அம்மா பக்கம் திரும்பி, “பொறவு நான் தனியா ஒரு வீடு பாத்துக்கிடுவேன் மதினி” என்றாள்.

“ஒன்ன யாரு இப்பப் போகச் சொன்னா?” என்று அம்மா அதட்டினாள். அதட்டிவிட்டு அத்தையின் தட்டில் ஒரு மீன் துண்டை எடுத்து வைத்தாள்.

படுக்கும்போது அத்தை என் காதோடு சொன்னாள், திங்கட்கிழமை வரைக்கும் இதை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, தோப்பில் கண்டிப்பாகக் கூடாது. நான் பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அத்தை பைபிள் எல்லாம் வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, வருகிறவர்கள் பார்க்க வசதியாக முள்ளைக் கழித்துவிடலாம் என்று இருவரும் போனோம். அத்தை மேலே எட்டாம் வட்டத்தில் குனிந்து முள் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கீழே ஓடையில் கால் நனைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி மாமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். நல்ல மனிதர் என்றுதான் எனக்கு எண்ணம். எப்போது வந்தாலும் கொய்யாப்பழம் தருவார். அன்றும் தந்தார்.

“ஏட்டி பாப்பா, ஒங்கத்தை இன்னைக்கு முள்ளு வேற வெட்டுதாளே, என்ன விசேசம்?”

“ஒண்ணுமில்ல” என்றேன். சத்தியம் நினைவிருந்தது.

அவர் கரையில் உட்கார்ந்தார். “அந்தப் பிள்ளைக்கு மூளை கொஞ்சம் எளகிப் போச்சுன்னு சொல்லுதாக. புருசங்காரன் கூட அதனாலதான் கொண்டுவந்து விட்டுட்டானாமே. நெசமா?”

கொய்யா வாயிலேயே நின்றுவிட்டது. இப்போது இதை எழுதும்போதும் அந்தக் கோபம் நியாயமான கோபம் என்றே தோன்றுகிறது. அவளுக்காக வாதாட எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன். அத்தைக்கு மூளை சரியாகத்தான் இருக்கிறது, சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் திங்கட்கிழமை அவளைப் பார்க்க ஜீப்பில் வருகிறார்கள், இந்தக் கல்லையெல்லாம் கவர்ன்மென்ட் எடுத்துக்கொள்ளும், வேலி போடும், போர்டு வைக்கும். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகத்தில் சிரிப்பு குறைவதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“தோப்பையும் எடுத்துக்கிடுவாக. ஓடை வரைக்கும். பொறவு நீங்களே உள்ள வரணும்னா கேட்டுட்டுத்தான் வரணும்.”

இது நானாகச் சேர்த்தது. யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

அண்ணாச்சி ஓடை வரைக்கும் ஒருமுறை பார்வையை ஓட்டினார். பிறகு என் தலையைத் தடவி, “கெட்டிக்காரப் பிள்ள” என்றார். மடியிலிருந்து இன்னும் இரண்டு கொய்யாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி பைக்கை நோக்கி நடந்தார். எனக்கு ஒரே பெருமிதம். அத்தையைப் பைத்தியம் என்றவரை வாயடைக்க வைத்துவிட்டேன். கொய்யாவில் ஒன்றை அத்தைக்குக் கொடுத்தேன். அவள் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றாள்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் அப்பாவுக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. அம்மா வெள்ளைச் சேலையை உதறிக்கொண்டே, “கோயிலுக்கு வரலியா?” என்று கேட்டாள்.

“அவசர வேலையாம். எவனோ தோப்புச் சுத்தம் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நிக்கானாம்.”

எந்தத் தோப்பு என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் தோப்புக்கு என்ன பஞ்சம்? நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போனோம். ஆராதனை முடிகிற நேரம், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று போதகர் ஐயர் அழைத்தபோது, அத்தை எழுந்தாள். ஒரு வருஷமாகத் தூணோரமாக உட்கார்ந்து யார் கண்ணிலும் படாமல் போய் வந்தவள். “கர்த்தர் எனக்கு ஒரு வாசலைத் திறந்திருக்கிறார்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். திருப்பூர்க்காரன் வந்து கூட்டிப்போகச் சம்மதித்துவிட்டான்போல என்று பின்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்பா பொழுது சாய வந்தார். வண்டியை முதலாளியின் ஷெட்டில் விட்டுவிட்டு, பைக்கின் பின்னால் சாக்கில் எதையோ கட்டிக்கொண்டு வந்திருந்தார். கனமாக இருந்தது. இறக்கி வைத்து, சாக்கை விலக்கி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

“மஞ்சள் அரைக்க, மருந்தரைக்க ஆகும்னு எடுத்துட்டு வந்தேன். பாரு, உள்ள எம்புட்டு வழவழன்னு இருக்குன்னு.”

அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. கையை விட்டுத் தடவினாள். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு உள்ளே வந்த அத்தை, அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறை மாதிரி உடைந்த ஓரம் அவள் பக்கம் இருந்தது.

“அண்ணே, இது ஏது?”

“தோப்புல கெடந்துச்சு. செண்பகத்தோப்புப் பக்கம்.”

“வட்டம் வட்டமா கல்லு நட்டு இருந்துச்சா?”

“அப்படியுங் கெடந்துச்சு. நல்ல பாரக்கல்லு. வண்டிப் பல்லு ரெண்டு மழுங்கிப் போச்சு. எல்லாத்தையும் ஓடையில தள்ளி, மட்டம் பண்ணி விட்டாச்சு. தென்னை வைக்கப் போறாகளாம்.”

“எல்லாத்தையுமா?”

அப்பா அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

அத்தை துணிகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. உள்ளங்கையைக் குழிக்குள் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அப்பாவுக்கு விஷயம் மெல்ல மெல்லப் புரிந்தது. அவர் ஒருநாளும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. அவர் சொன்னதை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

“நீ வீடு வீடுன்னுல்ல தாயி சொன்ன. அங்க வீடு ஒண்ணும் இல்லியே. வெறுங் கல்லுதான கெடந்துச்சு.”

அம்மா கல்லிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்பாவால் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார்.

“நாளைக்கு விடியுமுன்ன வண்டிய எடுத்துட்டு வாரேன். ஓடையிலதான கெடக்கு, எல்லாம் முழுசா கெடக்கு. நீ கையக் காட்டு, எங்கெங்க இருந்துச்சோ அங்கங்க நட்டுத் தாரேன். அவிய வர்றதுக்குள்ள முடிச்சிரலாம். ஒன்கிட்டதான் படம் இருக்குல்லா?”

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு பிரியத்தோடு அவள் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை.

“வேண்டாம்ணே. அது ஆகாது.” கொஞ்சம் கழித்து, “எதுக்கு இன்னைக்கே பண்ணச் சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“திங்கக்கெழமைக்கு முன்ன முடிக்கணுமாம். யாரோ வாராகளாம், வந்தா தோப்பே போயிருமாம், ஓடை வரைக்கும் எடுத்துக்கிடுவாகளாம். வேலை முடிஞ்ச பொறவு அப்படித்தான் பொலம்புனாரு.”

அத்தையின் கண் அப்பாவிடமிருந்து நகர்ந்து என்மேல் வந்தது. ஒரு கணம்தான். நான் புத்தகப் பையைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேடினேன்.

திங்கட்கிழமை அவர்கள் வந்தார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்த அத்தைக்கு வழி தெரியவில்லை, அல்லது மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று நான் அடம்பிடித்து அவளோடு போனேன். சரிவு இருந்த இடத்தில் சிவப்பு மண் பரந்து கிடந்தது. நேற்று முன்தினம் நான் உட்கார்ந்திருந்த கல் எது, எட்டாம் வட்டம் எந்த இடம், எதுவும் அடையாளம் தெரியவில்லை. மண்ணில் வண்டியின் பல் கீறிய வரிகள் வரிசையாக, ஈரம் காயாமல் இருந்தன. எங்கள் அப்பா வேலையில் சுத்தம். ஒரு மேடு பள்ளம் விடமாட்டார்.

வந்தவர்கள் வயதான ஒருவரும் ஒரு இளம்பெண்ணும். கெட்டவர்கள் இல்லை. அந்தப் பெண் குனிந்து மண்ணிலிருந்து கறுப்பும் சிவப்புமான பானை ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டே வந்தாள். பெரியவர் ஜீப்பின் முன்மூடியில் அத்தையின் தாள்களை விரித்து வெகுநேரம் பார்த்தார். “ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க” என்றார். அத்தை வாழ்நாளில் தன் வேலைக்காகக் கேட்ட ஒரே பாராட்டு அது என்று நினைக்கிறேன். இல்லாத இடத்தின் படத்துக்குக் கிடைத்தது.

அண்ணாச்சி எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். இங்கே வட்டமும் இல்லை சதுரமும் இல்லை, எப்போதும் உதிரிக் கல்தான் கிடந்தது, விவசாயத்துக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கினேன் என்றார்.

பெரியவர் அத்தையைத் தனியாக அழைத்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

“இது நேத்துச் செஞ்ச வேலை, பாத்தாலே தெரியுது. இடம் போனாலும் விஷயத்தை விட வேண்டாம். இன்ன வண்டி, இன்னார் ஓட்டினார், அதுவரைக்கும் வட்டம் இருந்ததுன்னு ஒரு புகார் எழுதிக் கொடுங்க. ஓட்டினவர விசாரிச்சா உண்மை பதிவுல ஏறும். உங்க படத்துக்கும் ஒரு ஆதாரம் கெடைக்கும். யார்னு தெரியுமாம்மா?”

எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பதிலைப் பெரியவர்கள் கேட்கிறார்கள் என்றால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் பழக்கம் எனக்கு. “எங்க...” என்று தொடங்கிவிட்டேன். அத்தை என் விரல்களை இறுக்கினாள். எலும்பு நொறுங்கிவிடும் என்று நினைத்தேன்.

“தெரியல சார்” என்றாள்.

“விசாரிச்சுப் பாருங்களேன். அக்கம்பக்கம் வண்டி வச்சிருக்கவங்க...”

“தெரியல சார். யாருன்னு தெரியல.”

பெரியவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி, ரப்பர் பேண்டைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஜீப் போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். என் விரல்கள் அவள் பிடிக்குள்ளேயே இருந்தன. நான் அண்ணாச்சியிடம் உளறியதற்கான தண்டனை இது என்று எண்ணி, வலியைப் பொறுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. பேராசிரியர் ஒரு வழி சொல்லி அனுப்பினார்: அழிந்துபோன ஈமக்காடு என்று எழுதிக்கொடுத்தால் ஆறு மாதத்தில் பட்டம் வாங்கிவிடலாம், இனி யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அத்தை பதில் எழுதவில்லை. தாள்கள் பரணுக்குப் போயின. அப்பா ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எட்டாம் நாள் முதலாளி ஆள் அனுப்பியதும் எழுந்து போனார். அத்தைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் விட்டுவிட்டார். அவள் சமையலறைக்குள் போனபின் வந்து சாப்பிடுவார்.

அடுத்த மாதம் திருப்பூர் மாமா பழக்கூடையோடும் இரண்டு சபைப் பெரியவர்களோடும் வந்தார். ஜெபம் செய்தார்கள். மாமா மிகவும் மெதுவாகப் பேசினார், என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். போகலாம் என்று அத்தையே முதலில் சொன்னாள்.

அப்பா அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் கேட்டது எனக்குக் கேட்டது. “கண்டிப்பாப் போகணுமா? நான் இருக்கம்லா?”

“இல்லண்ணே. எம்புட்டு நாளைக்கு?”

போன வருஷம் ஒரு வேலையாகத் திருப்பூர் போனபோது அத்தை வீட்டில் தங்கினேன். அவளுக்கு இடது காது முழுக்கப் போய்விட்டது. அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினால் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறாள். எப்போது போனது என்று கேட்டேன். ‘அது ஆச்சு, பத்துப் பதினஞ்சு வருசம்’ என்றாள். பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. செண்பகத்தோப்பைப் பற்றி நான் பேச்செடுத்தேன். வலது காதுப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் எனக்குத் தோசை ஊற்றினாள். மாமா உள்ளறையில் இருமுகிற சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் கை கரண்டியோடு அப்படியே நின்று, பிறகு நகர்ந்தது.

அவள் கிளம்பிய நாளில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவும் நானும் வழியனுப்பப் போனோம். மாமா ஜன்னலோரம் இடம் பிடிக்க ஏறியிருந்தார். அப்பா பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அத்தை என் உயரத்துக்குக் குனிந்து, தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள்.

“அண்ணாச்சிகிட்ட நீ சொன்னது நமக்குள்ள இருக்கட்டும், என்ன? ஒங்கப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஒருநாளும் சொல்லாத.”

ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் அந்த நொடியில் இறங்கியது. அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அவள் என்னை அடிக்கவில்லை, யாரிடமும் சொல்லப்போவதும் இல்லை. தப்பித்துவிட்டேன். சரி சரி என்று வேகமாகத் தலையாட்டினேன். பஸ் நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் கூடவே ஓடி, இரண்டு கையையும் ஆட்டினேன். அப்பா ஏன் கை ஆட்டாமல், பஸ்ஸைப் பார்க்காமல், எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. திருப்பூரில் மாமாவுடையது மாடி வீடு என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் இரண்டு அறையில், பாதிப் பாயில் ஒடுங்கிப் படுப்பதைவிட அங்கே அவள் கைகாலை நீட்டி வசதியாகத் தூங்கலாம் என்று நினைத்து, அவளுக்காக நான் சந்தோஷப்பட்டேன்.